ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள்

1

ஜூன் முதல் தேதி நான் பிறந்ததாக என் அலுவலகம் பத்தொன்பது வருடங்களாக நம்பிக்கொண்டிருக்கிறது. ஹாலந்தில் பிறந்தநாள்காரனுக்கு மற்றவர்கள் கேக் வாங்கித் தருவதில்லை. அவன்தான் எல்லோருக்கும் வாங்கிவர வேண்டும். பிறந்ததற்கு அபராதம் என்று நான் புரிந்துகொண்டேன். சாப்பிடுகிறவர்கள் எனக்குக் கைகொடுப்பார்கள். என் மனைவி பக்கத்தில் இருந்தால் அவளுக்கும் கைகொடுத்து வாழ்த்துவார்கள். நான் பிறந்ததில் அவளுக்கு என்ன பங்கு என்று யாரும் கேட்பதில்லை. வீடுகளில் பிறந்தநாள் காலண்டரைக் கழிப்பறைச் சுவரில் மாட்டுகிறார்கள். இந்த நகரத்தில் குறைந்தது ஆறு கழிப்பறைகளில் ஜூன் ஒன்றுக்கு நேரே என் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. புகழ் என்று பார்த்தால் எனக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

உண்மையில் நான் எப்போது பிறந்தேன் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று விஷயங்கள்: அன்று காரிமங்கலம் சந்தை, நல்ல மழை, அப்பா வாங்கிய கன்றுக்குட்டி நனைந்தபடி நடக்க மறுத்துவிட்டது. "நீ பொறந்து கொஞ்ச நேரங்கழிச்சித்தான் உங்கப்பா வந்தாரு. வந்ததும் கன்னுக்குட்டியத்தான் மொதல்ல தொடச்சாரு" என்பாள். சந்தை, மழை, கன்று மூன்றையும் போட்டால் தேதியைத் துப்பும் இயந்திரம் இன்னும் வரவில்லை.

இந்த வருடம் கேக்கின் முதல் துண்டை வெட்டும்போது பையில் போன் அதிர்ந்தது. காதர். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். இப்போது வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில், கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். ஒவ்வொரு ஜூன் ஒன்றுக்கும் 'பொய்ப் பொறந்தநாள் வாழ்த்துகள்' என்று எழுதுவான். நானும் அதையே அவனுக்கு எழுதுவேன். அவனுக்கும் அதே தேதிதான். எங்கள் வகுப்பில் முப்பத்துச் சொச்சம் பேருக்கும் அதே தேதிதான்.

இந்த முறை வாழ்த்து இல்லை. 'மணி, கை சும்மா இருக்கும்போது கூப்புடு. ஏதோ லிஸ்ட்ல என் பேரு இருக்குதாம்.'

நான் கேக்கை வெட்டி முடித்தேன். பதினாறு துண்டுகள், ஒரே அளவு. சமமாக வெட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

2

என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் யாருக்கும் அது சரியாகப் பிடிபட்டதில்லை, குற்றம் அவர்களுடையதல்ல.

ஒரு நாடு இன்னொரு நாட்டைத் தண்டிக்க விரும்புகிறது. ஆனால் சண்டைக்குப் போக விருப்பமில்லை, அல்லது தைரியமில்லை. அப்போது அதன் வங்கிகளோடு வியாபாரம் கிடையாது, எண்ணெயை வாங்கமாட்டோம், இன்னின்ன ஆட்களின் சொத்தை முடக்குகிறோம் என்று அறிவிக்கும். பொருளாதாரத் தடை. யாரை எதில் தடுத்தால் எங்கே வலிக்கும், எத்தனை மாதத்தில் வலிக்கும் என்று சொல்பவன் நிபுணன். உலகில் எங்காவது யுத்தம் மூண்டால் மற்றவர்களுக்கு வயிறு கலங்கும். எனக்குத் தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வரும். இருபது வருடங்களில் நான் ஆலோசனை சொன்ன தடைகளால் எந்த சர்வாதிகாரியும் ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. மருந்துக் கடைகளில் வரிசை நீண்டது என்று தகவல் உண்டு. இரண்டையும் ஒரே அறிக்கையில் வேறுவேறு அத்தியாயங்களில் எழுதியிருக்கிறேன்.

ஒருமுறை விடுமுறையில் வந்தபோது என் சித்தப்பா கேட்டார்.

"வேலைன்னா என்னாப்பா பண்ணுவ?"

"தப்புப் பண்ற நாட்டுங்களுக்குத் தடை போடறது எப்படின்னு சொல்வேன் சித்தப்பா."

"கோர்ட்ல ஸ்டே வாங்கறாங்களே, அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப நம்ம வரப்புத் தகராறுக்கு ஒண்ணு வாங்கிக் குடேன். பதினோரு வருசமா இழுக்குது."

அம்மா தெருவில் இன்றும் 'பையன் வெளிநாட்ல ஸ்டே வாங்கித் தர்றான்' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்தவில்லை. என் விசிட்டிங் கார்டைவிட அது தெளிவாக இருக்கிறது.

என் தொழில்வாழ்க்கையில் நான் பெருமைப்பட்ட ஒரு வாக்கியம் உண்டு. தடைப் பட்டியலில் உள்ள பெயர்களையும் தங்கள் வாடிக்கையாளர், ஊழியர் பெயர்களையும் வங்கிகளும் கம்பெனிகளும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. உலகில் ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். யார் அந்த ஆள் என்று எப்படி முடிவுசெய்வது? இதற்கு ஒரு வழிகாட்டி எழுதும் குழுவில் இருந்தேன். எல்லோரும் பத்தி பத்தியாகக் குழப்பிக்கொண்டிருந்தபோது நான் எழுதினேன்: பெயரும் முழுப் பிறந்த தேதியும் ஒத்துப்போனால், அவர் அந்த நபரே என்று கொள்க. அறையில் ஒருவர் கைதட்டினார். டச்சுக்காரர்கள் லேசில் கைதட்டமாட்டார்கள். அந்த வாக்கியத்தைக் கம்ப்யூட்டர்காரர்கள் எடுத்துக்கொண்டு மென்பொருளில் போட்டார்கள். மென்பொருள் கப்பல் ஏறி எங்கெங்கோ போயிற்று.

எழுதியவன் ஜூன் ஒன்றாம் தேதிக்காரன். அந்த நிமிடத்தில் அது எனக்கு ஞாபகமே வரவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், நானும் சில நாட்களில் நம்புவதில்லை.

3

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை. தலைமையாசிரியர் முன்னால் பெரிய ரிஜிஸ்தர், நீல மைப் பேனா. வரிசையில் அப்பனும் பிள்ளையுமாக நாங்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருடம். இதைவிடக் கச்சிதமான பரிசோதனையை நான் எந்த ஐரோப்பிய அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

"பையன் எப்பப் பொறந்தான்?"

"மழ காலத்துல சார்" என்றார் அப்பா.

"மழ காலம் எந்தத் தேதி?"

அப்பா என்னைப் பார்த்தார், நான் சொல்லிவிடுவேன் என்பதுபோல. தலைமையாசிரியர் காத்திருக்கவில்லை. ஜூனில் பள்ளி திறக்கிறது; ஜூன் ஒன்றில் ஐந்து முடிந்ததாக எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். எழுதினார். மையொற்றுத் தாளை அழுத்தினார்.

எனக்குப் பின்னால் காதர், அவன் அத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு. அவர் சந்தைக்குச் சந்தை பூட்டு, சாவி பழுதுபார்ப்பவர். வரிசையில் அவர் ஒருவர்தான் பதிலோடு வந்திருந்தார்.

"ரஜப் மாசம் பிறை பதினாலுங்க சார். நோட்ல எழுதி வெச்சிருக்கேன். இந்தாங்க."

"பாய், பிறையெல்லாம் ரிஜிஸ்தர்ல ஏறாது."

"இங்கிலீசுத் தேதி தெரிஞ்சவங்கள்ட்ட கேட்டுக்கிட்டு நாளைக்கு வரட்டுங்களா?"

"எதுக்கு பாய்? பையன் கை காதைத் தொடுதா? தொடுது. அப்ப ஜூன் ஒண்ணு."

எனக்கு ஐந்து வயதோ ஆறோ. இதெல்லாம் எப்படி ஞாபகம் என்று கேட்பீர்கள். மறக்க விட்டால்தானே. அன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை காதரை நாங்கள் கூப்பிட்ட பெயரே 'பிறை'. அவனும் திரும்பிப் பார்ப்பான். எங்கள் எல்லோருக்கும் பொய்த் தேதி மட்டும்தான். அவனுக்கு மட்டும் நிஜமும் பொய்யுமாக இரண்டு.

அந்தப் பள்ளிச் சான்றிதழை வைத்துத்தான் பிற்பாடு எனக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கினார்கள். பிறப்புச் சான்றிதழை வைத்துப் பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டை வைத்து விசா, விசாவை வைத்துக் குடியிருப்பு உரிமை. அதை வைத்து டச்சுக் குடியுரிமை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி நீல மை.

4

காதரை அன்று மாலை கூப்பிட்டேன். குரலில் பதற்றம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கம்பெனில புதுசா ஏதோ சாஃப்ட்வேர் வாங்கனாங்கடா. எல்லார் பேரையும் அதுல போட்டாங்க. என் பேருக்குச் செவப்பு லைட்டு."

"என்ன காரணம் சொன்னாங்க?"

"அப்துல் காதர்னு எங்கியோ ஒருத்தன் ஆயுதம் கடத்தறானாம். அவனும் ஜூன் ஒண்ணாம். வருசமும் நம்ம வருசமாம்." சிரித்தான். "அவனுக்கும் ஒரு எட்மாஸ்டர் இருந்திருப்பான் போல."

இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவனை ஸ்டோருக்குள் வரக்கூடாது என்று நிறுத்தியிருந்தார்கள். பேங்க் கணக்கு முடக்கம். மறுஆய்வு என்று ஒன்று இருக்கிறது, ஒரு தனி அமைப்பு அதைச் செய்கிறது. முடிவு பாதகமாக வந்தால் வேலை அனுமதி ரத்தாகும், அதற்கான காரணமும் ஆவணத்தில் ஏறும். அவனுக்கு வேலைகூடப் பெரிய கவலையாக இல்லை.

"ஊர்ல பெரிய பொண்ணுக்குப் பேசி முடிச்சிருக்கோம்டா. பத்திரிக அடிக்கறதுதான் பாக்கி. மாப்ள வூட்ல எவனோ போயி, 'காதர் பேரு ஏதோ தீவிரவாதி லிஸ்ட்ல இருக்குதாமே'ன்னு கேட்டிருக்கான். அவங்க நல்லவங்கதான். ஆனா, 'எழுத்துல ஒரு கடுதாசி வரட்டும், அந்த ஆள் இவரில்லன்னு, அப்பறம் பாத்துக்கலாம்'னு சொல்லிபுட்டாங்க."

"உங்க அத்தா எழுதின நோட்டு?"

"போட்டோ எடுத்து அனுப்பினேன். கையால எழுதனது ஆதாரம் இல்லையாம். மணி, நீ இந்த லைன்லதான இருக்கற? கூடப் படிச்சவன், வரிசைல முன்னாடி நின்னவன், எட்மாஸ்டர் எல்லாருக்கும் ஒரே தேதி போட்டாருன்னு நீ ஒரு கடுதாசி குடுத்தா ஏத்துக்குவாங்கன்னு வக்கீலு சொல்றாரு. உன் கையெழுத்துக்கு மதிப்பு இருக்குதாமே?"

"பண்ணிடலாம்டா" என்றேன்.

"நோகாம செய்யி. ஒண்ணும் அவசரமில்ல" என்றான். மூன்று மாதத்தில் அவன் பெண்ணுக்குக் கல்யாணம்.

அவனுக்கு வந்த கடிதத்தின் நகலை அனுப்பியிருந்தான். எந்த விதியின்படி பொருத்தம் முடிவுசெய்யப்பட்டது என்று இரண்டாம் பக்கத்தில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். என் வாக்கியம். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

5

அன்று இரவே எழுதியிருக்க வேண்டிய கடிதம். உட்கார்ந்தேன். 'நானும் விண்ணப்பதாரரும் ஒரே நாளில், ஒரே வரிசையில்' என்று ஆரம்பித்தவுடன் கை நின்றுவிட்டது.

ஒரே வரிசை என்றால் என் தேதியும் பொய் என்று அர்த்தம். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்று ஓர் அதிகாரி முன்னால் கைதூக்கிச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் முன்னால், வந்த புதிதில், நகராட்சி அலுவலகத்தில் என் அரைகுறை டச்சில் 'நான் ஜூன் ஒன்றில் பிறந்தேன்' என்பதற்குப் பதிலாக 'நான் ஜூன் ஒன்றில் பிரசவித்தேன்' என்று சொல்லிவிட்டேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் முகம் மாறாமல் "எத்தனை குழந்தைகள்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் பிறந்த விஷயத்தில் இந்த நாட்டிடம் நான் ஒருமுறைகூட உண்மை பேசியதில்லை.

பொய் விவரம் கொடுத்துக் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து அதைத் திரும்ப வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அரசுக்கு ஆலோசனை சொல்பவன் என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எனக்குப் பாதுகாப்புச் சரிபார்ப்பு உண்டு. அடுத்தது இந்த இலையுதிர்காலத்தில்.

எங்கள் அலுவலக வக்கீல் ஹன்னாவிடம் காபி இயந்திரத்துக்கு அருகே பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன். சான்றிதழில் உள்ள பிறந்த தேதி உண்மையானது அல்ல என்று ஒருவர் வெகுகாலம் கழித்துச் சொன்னால் என்ன ஆகும்?"

"ஒன்றும் ஆகாமலும் போகலாம். எல்லாம் ஆகவும் செய்யலாம்" என்றாள். "எந்த அதிகாரியின் மேசையில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. உன் நண்பர் ஏன் சொல்ல வேண்டும்?"

"இன்னொரு நண்பருக்காக."

அவள் என்னை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தாள். "நிறைய நண்பர்கள் வைத்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நான் எழுதியது வேறு கடிதம். நான்கு பக்கம், பதினொரு அடிக்குறிப்புகள். தென்னிந்தியக் கிராமங்களில் ஒரு தலைமுறையின் பிறந்த தேதிகள் பள்ளிச் சேர்க்கையின்போது உத்தேசமாகப் பதியப்பட்டன. ஆகவே ஜூன் மாதத் தேதிகளை அடையாளமாகக் கொள்வதில் கவனம் தேவை. மிக நல்ல கடிதம். யாரோ ஒருவர் எங்கோ ஒரு மக்கள்கூட்டத்தைத் தொலைநோக்கியில் பார்த்து எழுதியதைப்போல இருந்தது. அந்தக் கூட்டத்தில் நான் இல்லை, காதர் இல்லை, நீல மை இல்லை.

அதோடு இணைக்க மறுஆய்வு அமைப்பு ஒரு படிவம் கொடுத்திருந்தது. கடைசிக் கேள்வி: விண்ணப்பதாரரைத் தனிப்பட்ட முறையில் அறிவீர்களா? ஆம், இல்லை.

நிபுணர் கருத்து என்றால் சார்பற்றதாக இருக்க வேண்டும். தெரிந்தவன் என்றால் நண்பனுக்காக எழுதியது என்று ஒதுக்கிவிடுவார்கள். தெரியாதவன் என்றால்தான் அவனுக்கே நல்லது. இவ்வளவையும் எனக்கு நானே விளக்கினேன். என்னை ஒப்புக்கொள்ள வைப்பது எப்போதுமே சுலபம். 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

6

என் மகள் யாழினிக்குப் பத்தொன்பது வயது. அவள் பிறந்த நேரம் நிமிடச் சுத்தமாக ஆஸ்பத்திரி அட்டையில் இருக்கிறது: மதியம் இரண்டு ஏழு. சட்டம் படிக்கிறாள். வாரக் கடைசியில் துணி துவைக்க வீட்டுக்கு வருவாள். பெற்றோரைப் பார்ப்பது அதன் உபவிளைவு.

பிரின்டரில் நான் எடுக்க மறந்த படிவத்தோடு சமையலறைக்கு வந்து நின்றாள்.

"அப்துல் காதர்னா நீ போன்ல 'டேய் பிறை'ன்னு கத்துவியே, அந்த மாமாவா?"

"ஆமா."

"எனக்குப் பேரீச்சம்பழம் அனுப்புவாரே."

"ஆமாம்மா."

"அப்பறம் ஏன் 'இல்லை'ல டிக் பண்ணியிருக்க?"

நான் சார்பின்மையைப் பற்றிச் சொன்னேன். நிபுணர் கருத்தின் எடை பற்றிச் சொன்னேன். விரிவுரையாளனாக இருந்தவன், இருபது நிமிடம் தடங்கலில்லாமல் பேசுவேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"சின்ன வயசுல எனக்குச் சொல்லுவியே, அந்த ஸ்கூல் வரிசைல நீ நின்னியா இல்லையாப்பா?"

"அது இங்க விஷயமே இல்லம்மா, நடைமுறையில..."

"நின்னியா?"

குக்கர் விசிலடித்தது. நன்றியோடு அதன் பக்கம் திரும்பினேன். திரும்பியபோது அவள் துவைத்த துணியை ஈரத்தோடு பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் டச்சில் மட்டும் பேசுகிறாள். மரியாதையாகத்தான். ரயில் நேரம், அம்மாவின் உடல்நிலை, வாடகை ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து. நான் அந்த மொழியை அலுவலக ஜன்னல்களுக்கு முன்னால் நின்று கற்றவன். யாராவது என்னிடம் அதைப் பேசினால் இன்னமும் கை தானாகப் பையில் அடையாள அட்டையைத் தேடும். மகள் பேசும்போதும் தேடுகிறது.

7

ஜூலைக் கடைசியில் முடிவு வந்தது. 'நிபுணரின் கருத்து பொதுவானது. இந்த விண்ணப்பதாரரின் தேதி தவறு என்பதற்கு நேரில் அறிந்த சாட்சி எதுவும் இல்லை.' பொருத்தம் உறுதி. மேல்முறையீட்டுக்கு அறுபது நாள். காதரை ஒரு வாரத்தில் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள்.

அவன் ஊருக்குப் போன அன்றே அவன் வீட்டுக்கு மஃப்டியில் இருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்களாம். மரியாதையாகத்தான் கேட்டார்கள், டீ குடித்தார்கள் என்றான். ஆனால் ஜீப் வாசலில் நின்றது. ஜீப் நின்றால் போதும்.

எனக்குப் பத்து நாள் தூக்கம் இல்லை என்று எழுத ஆசைதான். தூங்கினேன். ஆனால் ஒரு சனிக்கிழமை காலையில் எழுந்து, மேசையில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அடிக்குறிப்பு இல்லை. 'நான் அவனுக்கு முன்னால் வரிசையில் நின்றேன். அவன் தகப்பனார் சொன்ன தேதியை என் காதால் கேட்டேன். அது எழுதப்படவில்லை. எனக்கும் அதே தேதிதான் போடப்பட்டது, அதுவும் உண்மையல்ல.' மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் சேலத்துக்காரி, ஆஸ்பத்திரியில் பிறந்தவள், தேதி உள்ளவள். "வேலை போனா ஊருக்குப் போயிரலாம்" என்றாள். "இத்தன நாள் இதுக்கா பயந்த?" என்று கேட்கவில்லை. கேட்டதாகவே எனக்குப் பட்டது.

காதரைக் கூப்பிட்டேன். பின்னால் சந்தை இரைச்சல். தேங்காய்க்கு யாரோ விலை கேட்டுச் சலித்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்றா மணி. சத்தமா இருக்குதா? இரு, இந்தப் பக்கம் வர்றேன்."

எழுதியதைப் படித்தேன்.

"நல்லா எழுதியிருக்கற" என்றான். "இது மொதல்லயே இருந்திருந்தா ஆயிருக்கும்." பஸ் இப்போதுதான் போயிற்று என்று சொல்கிற குரல், குற்றம்சாட்டும் குரல் இல்லை.

"இப்பவும் ஆகும்டா. இன்னும் நாள் இருக்கு. திங்கக்கெழம நோட்டரிகிட்ட கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

"வேணாம்."

"ஏன்?"

"உன் மொதக் கடுதாசி, அந்த ஃபாரம், எல்லாத்துக்கும் எனக்கு ஒரு காப்பி வந்துச்சு. அதுல என்னியத் தெரியாதுன்னு போட்டிருந்த."

மேசையில் இருந்த ஒன்றரைப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"சரி, அதுக்கு ஏதோ காரணம் இருக்கும்னு வுட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சி அவங்களே கூப்புட்டாங்க. 'இந்த நிபுணரும் நீங்களும் ஒரே ஜில்லாவா இருக்கீங்களே, முன்னாடியே பழக்கமா'ன்னு கேட்டாங்க. நான் ஆமான்னா நீ பொய் சொன்னவனா ஆயிருவ. உன் வேல என்னா வேல, எனக்குத் தெரியாதா? பழக்கமில்லன்னுட்டேன். எழுதிக் குடுங்கன்னாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ என்னா பண்ணியிருப்ப? மனசுதான் கெட்டிருக்கும்."

இப்போது என் ஒன்றரைப் பக்கத்தை அனுப்பினால் அது முதலில் நிரூபிக்கப்போவது காதர் பொய் எழுதிக் கொடுத்தான் என்பதை. பொய் வாக்குமூலம் தந்தவரின் மேல்முறையீட்டை விசாரிக்க வேண்டியதில்லை. இந்த விதியை யார் எழுதியது என்று நான் தேடிப்பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

"பொண்ணு கல்யாணம்?" என்று கேட்டேன்.

"அவங்க வேற எடம் பாத்துக்கிட்டாங்க. நாங்களும் பாக்கறோம். அது பாட்டுக்கு வேலைக்குப் போறேங்குது. போவட்டும்." யாரிடமோ 'இந்தா வர்றேன்' என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மணி, உனக்கு அங்க ஒண்ணும் ஆவலயே?"

"ஆகலடா."

"அப்ப சரி" என்றான்.

சென்ற வாரம் என் பாதுகாப்புச் சரிபார்ப்பு முடிந்தது. விவரங்கள் அனைத்தும் ஒத்துப்போகின்றன, குறையேதும் காணப்படவில்லை என்று கடிதம் வந்திருக்கிறது. காதரின் கோப்பிலும் முரண்பாடு ஏதும் இல்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் அறியோம் என்று இரண்டு கையெழுத்துகள் அதில் சாட்சி சொல்கின்றன. என்னைத் தெரியாது என்று அவன் கையெழுத்துப் போட்டது எனக்காக. அவனைத் தெரியாது என்று நான் போட்டதும் எனக்காகத்தான்.